கிளிம்ட்டோட "அடேல்" ஓவியத்துல முகமும் தங்கமும் ஏன் ஒட்டல?

உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்டது இப்படி. ஃபைன் ஆர்ட்ஸ் முதல் வருஷம், ஆஸ்திரிய ஓவியர் குஸ்டாவ் கிளிம்ட் 1907ல முடிச்ச "அடேல் ப்ளோக்-பாவர் I" ஓவியத்துக்கு ஃபார்மல் அனாலிசிஸ், அதாவது பின்கதையை விட்டுட்டு கோடு, நிறம், அமைப்பை மட்டும் வச்சு ஒரு ஆய்வு, எழுதச் சொல்லியிருக்காங்க. நெட்ல தேடினா வர்றதெல்லாம் நாஜிங்க பிடுங்கின கதை, கோர்ட் கேஸ், பதிமூணரை கோடி டாலர் விலை, அதை விட்டா அந்தக் கண்ணு டிசைனுக்கு என்ன அர்த்தம்ங்கற விளக்கம். ஆனா ஓவியத்தைப் பாத்தப்போ உங்களுக்குத் தோணினது ஒண்ணே ஒண்ணு: "முகமும் கையும் மட்டும் போட்டோ மாதிரி இருக்கு, மத்ததெல்லாம் கிஃப்ட் பேப்பர் மாதிரி இருக்கு, ரெண்டும் ஒட்டவே இல்ல, இதைப் போய் எப்படி நல்ல ஓவியம்னு எழுதறது?"

அந்த "ஒட்டவே இல்ல"ங்கற வார்த்தையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, உங்க அசைன்மென்ட்டே அதுதான். நீங்க பாத்தது சரி. ஒட்டல. ஒட்டாம இருக்கணும்னு உக்காந்து நாலு வருஷம் வேலை பாத்திருக்காரு மனுஷன். ஏன் ஒட்டல, எந்த இடத்துல ஒட்டல, ஒட்டாம இருக்கறதுக்கு கேன்வாஸ் மேல என்னென்ன பண்ணியிருக்காருன்னு ஒவ்வொண்ணா எடுத்து எழுதினா அதுதான் ஃபார்மல் அனாலிசிஸ். அடேல் யாரு, கிளிம்ட்டுக்கும் அவங்களுக்கும் என்ன உறவு, இதெல்லாம் அப்புறம். முதல்ல கண்ணு.

சைஸ்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எல்லாரும் இதைத் தாண்டிப் போயிடறாங்க. ஓவியம் கிட்டத்தட்ட 138க்கு 138 சென்டிமீட்டர். அதாவது சதுரம். பணக்கார வீட்டு அம்மாவை முழு உருவமா வரையணும்னா அந்தக் காலத்துல எந்த ஓவியரும் எடுக்கறது நெட்டுக்குத்தான கேன்வாஸ், ஆள் நிக்கற மாதிரியே கேன்வாஸும் நிக்கும், தலைக்கு மேல கொஞ்சம் இடம், காலுக்குக் கீழ கொஞ்சம் தரை, பின்னாடி ஒரு தூணோ திரைச்சீலையோ, முடிஞ்சது. சதுரத்துக்கு அந்த மாதிரி மேல கீழன்னு ஒரு திசை கிடையாது. கிளிம்ட் வழக்கமா சதுரத்தை எடுத்தது இயற்கைக் காட்சிக்கு, ஆட்டர்ஸே ஏரிக்கரையில கோடை விடுமுறைக்குப் போய் வரைஞ்ச தண்ணி, மரம், தோட்டம் எல்லாம் பெரும்பாலும் சதுரம்தான். அந்த சதுரத்தைக் கொண்டு வந்து ஒரு பொண்ணை அதுக்குள்ள வைக்கிறாரு. வச்சதும் ஒரு பிரச்சினை வருது, ஆள் நெட்டுக்கு இருக்காங்க, கேன்வாஸ் அகலமா இருக்கு, மிச்ச இடத்தை என்ன பண்றது? சாதாரணமா யோசிச்சா ஆளை நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் சமமா விடுவோம். இவரு அடேலை வலது பக்கமா தள்ளிட்டாரு. இடது பாதியில, மேல இருந்து பாதிக்கும் கீழ வரைக்கும் ஆளும் இல்ல, பொருளும் இல்ல, வெறும் தங்கம், அதுல புள்ளி புள்ளியா, துகள் துகளா ஏதோ மின்னுது அவ்வளவுதான்.

இப்ப உங்க போன்ல படத்தைத் திறந்து வச்சுக்கிட்டு ஒரு வேலை பண்ணுங்க. இடது கீழ் மூலையைப் பாருங்க. ஒரு பச்சைப் பட்டை இருக்கும். அதுக்கு மேல ஒட்டினாப்ல கருப்பும் வெள்ளையுமா சதுரங்கக் கட்டம் மாதிரி ஒரு மெல்லிசான வரிசை. இவ்வளவு பெரிய ஓவியத்துல "இது தரை, அது சுவர்"னு சொல்றதுக்கு இருக்கற ஒரே இடம் அந்த மூலைதான். கட்டைவிரலை வச்சு அதை மறைச்சுட்டு ஓவியத்தைப் பாருங்க, அடேல் எங்கயும் இல்லாம ஆகிடுவாங்க, ரூம் இல்ல, நாற்காலி இல்ல, மேல கீழ இல்ல, தங்கத்துல மிதக்கற ஒரு தலை. விரலை எடுங்க, ஒரு நொடியில ஒரு ரூம் வந்துடும், தரை வந்துடும், ஓ இவங்க ஒரு நாற்காலிகிட்ட இருக்காங்கன்னு தோணும். மொத்த ஓவியத்துல அந்தப் பச்சை ரொம்பச் சின்னப் பங்கு, அதுக்குள்ள ஒரு வீட்டையே வச்சிருக்காரு. அதோட இன்னொரு வேலையும் அது பண்ணுது, உருவம் முழுக்க வலது பக்கம் சாஞ்சு கிடக்கறதால ஓவியம் வலது பக்கமா கவுந்து விழற மாதிரி இருக்கணும், ஆனா இந்த ஒரு துண்டுப் பச்சை எதிர்மூலையில உக்காந்து எடைக்கல்லு மாதிரி இழுத்துப் பிடிச்சிருக்கு. தங்கத்துக்கு நடுவுல அது மட்டும்தான் குளிர்ந்த நிறத்துல ஒரே சீரா விட்ட இடம், அதனாலதான் அவ்வளவு சின்னதா இருந்தும் அந்த பலம்.

அடுத்தது, அவங்க உக்காந்திருக்காங்களா நிக்கறாங்களா? இதை நான் பல பேர்கிட்ட கேட்டுப் பாத்திருக்கேன், பாதிப் பேர் உக்காந்திருக்காங்கன்னு சொல்லுவாங்க, பாதிப் பேர் நிக்கறாங்கன்னு. பின்னாடி சுருள் சுருளா வளைஞ்சு வர்றது ஒரு சாய்வு நாற்காலி, அதனால உக்காந்திருக்கணும். ஆனா உக்காந்தா முட்டி முன்னாடி வரணும், மடி தெரியணும், தொடையில துணி படிஞ்சு மடிப்பு விழணும். எதுவும் இல்ல. கழுத்துக்குக் கீழ கவுன் நேரா கீழ இறங்கி, இடுப்புல இருந்து ரெண்டு பக்கமும் விரிஞ்சு, கீழ் விளிம்புல வெட்டுப்பட்டுப் போயிடுது, பாதம் கிடையாது. கிளிம்ட் இதுக்கு நூறுக்கு மேல ஸ்கெட்ச் போட்டிருக்காரு, அதுல பலதுல அடேல் நாற்காலியில நல்லாவே உக்காந்திருக்காங்க, சிலதுல நிக்கறாங்க. உக்கார வைக்கத் தெரியாதவரு இல்ல. கடைசி ஓவியத்துல வேணும்னே அந்தத் தகவலை அழிச்சிருக்காரு.

எப்படி அழிச்சாரு? இங்கதான் பேட்டர்ன் வருது, இந்தப் பகுதியை நல்லா விரிவா எழுதுங்க, இதுக்குத்தான் மார்க். உங்களுக்கு அது கிஃப்ட் பேப்பரா தோணினதுக்குக் காரணம், டிசைன் எல்லாம் தட்டையா இருக்கு, உடம்போட சேந்து வளையல. ஒரு கட்டம் போட்ட சேலையைக் கட்டிக்கிட்டு ஒருத்தங்க உக்காந்தா மடியில அந்தக் கட்டம் நசுங்கித் தெரியும், பக்கவாட்டுல திரும்பற இடத்துல குறுகும், கண்ணு அதை வச்சுத்தான் உள்ள ஒரு உடம்பு இருக்குன்னு கண்டுபிடிக்கும். அடேலோட கவுன்ல இருக்கற அந்த முக்கோணமும் கண்ணும் மேல இருந்து கீழ வரைக்கும் எங்கயும் உடம்போட வளைவுக்குப் பணியல, நேரா நம்ம முகத்துக்கு எதிர்ல நிக்குது. அதனால உள்ள உடம்பு இருக்கான்னே தெரியல.

ஆனா கிஃப்ட் பேப்பர்ல ஒரே டிசைன்தான் திரும்பத் திரும்ப வரும். இங்க அப்படி இல்ல, கொஞ்சம் பொறுமையா பாத்தீங்கன்னா ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டிசைன் ஒதுக்கியிருக்காரு. நடுவுல இறங்கற ஒடுக்கமான கவுனுக்கு முக்கோணத்துக்குள்ள கண்ணு. அதுக்கு வெளிய இறக்கை மாதிரி விரியற மேலாடைக்கு செவ்வகமும் சுழியும் எழுத்தும். நாற்காலிக்குப் பெரிய பெரிய சுருள். பின்னணிக்கு வெறும் துகள். தலையைச் சுத்தி மட்டும் சின்னச் சின்ன சதுரங்கள், வெள்ளியும் தங்கமுமா, கிட்டத்தட்ட சாமி படத்துல தலைக்குப் பின்னாடி இருக்கற ஒளிவட்டம் மாதிரி. நிறம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், தங்கம். மத்த ஓவியர்கள் ஒரு பொருள் எங்க முடியுது இன்னொண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னு காட்ட நிழலை வச்சோ நிறத்தை மாத்தியோ காட்டுவாங்க, இவரு நிழலும் போடல, நிறத்தையும் மாத்தல, டிசைனை மட்டும் மாத்தி அந்த வேலையை முடிக்கிறாரு. இது எவ்வளவு கஷ்டம்னு புரியணும்னா ஒரு டிரேசிங் பேப்பரை மேல வச்சு அடேலோட அவுட்லைனை பென்சில்ல இழுத்துப் பாருங்க. முகம் வரைக்கும் பிரச்சினை இல்ல, தோள் வரும், கை வரும், அதுக்குக் கீழ இடுப்புகிட்ட வந்ததும் பென்சில் நின்னுடும், ஏன்னா துணி எங்க முடிஞ்சது நாற்காலி எங்க ஆரம்பிச்சதுன்னு முடிவெடுக்க முடியாது. நானும் இழுத்துப் பாத்திருக்கேன், ரெண்டு தடவை இழுத்தா ரெண்டு தடவையும் வேற வேற கோடு வருது.

இன்னொரு சோதனையும் பண்ணிடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. போன்லயே படத்தை பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்துங்க. அவ்வளவு தங்கமும் ஒரே மாதிரி நடுத்தரச் சாம்பலாப் போயிடும், பச்சையும் கிட்டத்தட்ட அதுக்குள்ள கரைஞ்சுடும், தனியா எடுத்து நிக்கறது என்னென்னன்னு பாத்தா, முதல்ல அவங்க தலைமுடி, அது ஒண்ணுதான் இந்த ஓவியத்துலயே பெரிய கருப்பு. அதுக்குக் கீழ வெளிறின முகம், தோள், கை. அப்புறம் அந்த மூலையில இருக்கற கருப்பு வெள்ளைக் கட்டம், கவுன்ல இருக்கற கண்ணுங்க. அதாவது கருப்புன்னு பாத்தா வலது மேல கூந்தல்ல அழுத்தமா இருக்கு, இடது கீழ கட்டத்துல மெல்லிசா எதிரொலிக்குது, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோணல் கோடு நம்ம கண்ணுலயே போயிட்டு வருது. கலர்ல பாக்கும்போது இது தெரியாது, தங்கம் மறைச்சுடும், ஆனா வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கும்.

இப்ப முகத்துக்கு வரலாம். நீங்க போட்டோ மாதிரின்னு சொன்னீங்க, பக்கத்துல போய்ப் பாத்தா போட்டோ மாதிரி இல்ல. தோல்ல வெளிறின நீலமும் லேசான பச்சையும் ஓடுது, கன்னத்துல சிவப்பு, உதடு அழுத்தமான சிவப்பு, கொஞ்சமா திறந்திருக்கு, இமை பாதி இறங்கியிருக்கு. கழுத்தெலும்பு தெரியுது, ஒல்லியான உடம்பு. தங்கம் தட்டையா இருக்கறதாலதான் இந்தச் சின்ன நிறமாற்றம் கூட நமக்கு ரத்த ஓட்டமாத் தெரியுது, இதே முகத்தை ஒரு பழுப்பு நிறச் சுவருக்கு முன்னாடி வச்சா இவ்வளவு உயிரா இருக்காது. கண்ணளவுக்குப் பாத்தா முகம், மார்பு, கை எல்லாம் சேத்து மொத்த கேன்வாஸ்ல பத்துல ஒரு பங்கு வந்தாலே அதிகம். மிச்சம் ஒன்பது பங்கும் உலோகம். அந்த ஒரு பங்கையும் சும்மா விடல பாருங்க, கழுத்துல அகலமா ஒரு நகை, கிட்டத்தட்ட பட்டை மாதிரி, தலையை உடம்புல இருந்து குறுக்க வெட்டற கோடு அது. கையில வளையல். தோலு வெளிய வர்ற இடத்துல எல்லாம் உலோகம் வந்து ஒரு வளையம் போட்டுடுது.

கையைப் பத்தி தனியா எழுதணும். என்னைக் கேட்டா இந்த ஓவியத்தோட முடிச்சே அங்கதான் இருக்கு. வசதியான வீட்டு அம்மா போர்ட்ரெயிட்டுல கை எப்படி இருக்கும்? மடியில ஓய்வா கிடக்கும், விசிறியைப் பிடிச்சிருக்கும், முத்துமாலையை விரல்ல சுத்திக்கிட்டு இருக்கும், நாற்காலிக் கைப்பிடி மேல படிஞ்சிருக்கும், மொத்தத்துல எனக்கு வேலை எதுவும் இல்ல, நான் நிம்மதியா இருக்கேன்னு சொல்ற கை. அடேலோட ரெண்டு கையும் மார்புக்கு மேல, தோளுக்குப் பக்கத்துல தூக்கி வச்சு, ஒரு கை மணிக்கட்டுல செங்குத்தா மடங்கி, இன்னொரு கை அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. நீங்களே கண்ணாடி முன்னாடி நின்னு அதே மாதிரி வச்சுப் பாருங்க, அரை நிமிஷத்துல மணிக்கட்டு இழுக்கும். அவங்க கையில ஒரு விரல் கோணல்னும் அதை மறைக்கத்தான் இப்படி வச்சாங்கன்னும் பரவலா சொல்லுவாங்க. அப்படியே இருந்தாலும் உங்க அனாலிசிஸ்ல அதோட நிறுத்தாதீங்க, ஏன் வச்சாங்கங்கறது ஒரு விஷயம், வச்சதால ஓவியத்துக்குள்ள என்ன நடக்குதுங்கறது வேற விஷயம். என்ன நடக்குதுன்னா, ஓவியத்துலயே கோணம் உடையற, எலும்பு தெரியற, இறுக்கம் இருக்கற ஒரே இடம் அதுதான். சுத்தி எல்லாம் சுருளும் சுழியுமா வழுக்கிக்கிட்டுப் போகுது, இந்த ரெண்டு கை மட்டும் வழுக்காம ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது. கழுத்துக்குக் கீழ உடம்பைத் தங்கம் எடுத்துக்கிட்ட பிறகு அவங்களுக்குன்னு மிஞ்சினதை அவங்களே கையால பிடிச்சு வச்சிருக்கற மாதிரி. நான் இப்படிச் சொல்றதை உங்க டீச்சர் ஒத்துக்கணும்னு இல்ல, ஆனா கேன்வாஸ்ல இருக்கற கோட்டையும் கோணத்தையும் காட்டித்தான் சொல்றேன், அதனால வாதாடலாம்.

தங்கத்தை எப்படி வச்சிருக்காருன்னும் ஒரு பாரா எழுதணும். மஞ்சள் பெயிண்ட்ல தங்கம் மாதிரி வரையல, எண்ணெய் வண்ணத்தோட நிஜத் தங்க ரேக்கும் வெள்ளியும் சேத்து ஒட்டியிருக்காரு. சில இடத்துல அடியில வெள்ளைப் பூச்சு வச்சு மேடாக்கி அதுக்கு மேல தங்கம், அடேலோட மேலாடையில ஏ, பீ-ங்கற ரெண்டு எழுத்து புடைச்சுக்கிட்டு இருக்கறதெல்லாம் அப்படித்தான். (அப்போ அவங்க வெறும் அடேல் ப்ளோக்தான், ப்ளோக்-பாவர்னு ரெண்டு குடும்பப் பேரையும் சேத்துக்கிட்டது 1917ல.) கிளிம்ட்டோட அப்பா தங்கத்துல செதுக்கு வேலை செஞ்சவரு, தம்பி ஒருத்தரு உலோக வேலைக்காரரு, கிளிம்ட் படிச்சதும் வியன்னாவுல அலங்காரக் கலைகளுக்கான பள்ளிக்கூடத்துலதான், அதனால அவருக்கு இது வெளிய இருந்து கடன் வாங்கின ஜிகினா இல்ல, வீட்டுத் தொழில். ஆனா ஓவியத்துக்குள்ள அது பண்றது என்னன்னா, வரைஞ்ச வெளிச்சம் முகத்துலயும் கையிலயும் இருக்கு, மிச்ச இடத்துல இருக்கறது வரைஞ்ச வெளிச்சமே இல்ல, நீங்க நிக்கற ரூம்ல எரியற லைட்டு. மேடான எழுத்துக்குப் பக்கத்துல விழற நிழலும் வரைஞ்ச நிழல் இல்ல, நிஜ நிழல்.

இது பிரிண்ட்லயோ போன்லயோ சுத்தமா தெரியாது. நான் அஞ்சாறு வருஷம் புத்தகத்துல மட்டும் பாத்துட்டு, எனக்கும் உங்களை மாதிரியேதான், அலங்காரம் ஜாஸ்தின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு தடவை நியூயார்க் போனப்போ, 5வது அவென்யூவும் 86வது தெருவும் சேர்ற முனையில நோய கேலரி இருக்கு, அங்கதான் ஓவியம் இருக்கு, நேர்ல பாத்தேன். நேரா போய் முன்னாடி நின்னப்போ கூட ஒண்ணும் ஆகல. கூட்டத்துக்கு வழி விட்டு இடது பக்கமா நாலடி நகர்ந்தேன், அப்போ தங்கம் மொத்தமும் நகர்ந்துச்சு. மின்னிக்கிட்டு இருந்த இடம் மங்கிச்சு, மங்கலா இருந்த சுருள் எல்லாம் பத்திக்கிட்டு எழுந்துச்சு, கவுன்ல இருந்த கண்ணுங்க ஒண்ணொண்ணா திறந்து மூடற மாதிரி இருந்துச்சு. முகம் மட்டும் நகரல. எங்க போய் நின்னாலும் முகம் அதே வெளிச்சத்துல, அதே மாதிரி. திரும்ப வலது பக்கம் நடந்தேன், திரும்பவும் அப்படியே. அரைமணி நேரம் அங்கயே இப்படி அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டு இருந்தேன், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நீங்க சொன்னீங்களே ஒட்டலன்னு, ஒட்டாததுக்கு நேர்ல இதுதான் காரணம், ஒரே கேன்வாஸ்ல ரெண்டு விதமான வெளிச்சம் இருக்கு, ஒண்ணு ஓவியம் வரைஞ்ச அன்னைக்கே நின்னுபோன வெளிச்சம், இன்னொண்ணு நீங்க நடக்க நடக்க மாறற வெளிச்சம்.

இந்த யோசனை எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, 1903ல கிளிம்ட் இத்தாலியில ரவென்னாவுக்குப் போய் சான் விட்டாலே தேவாலயத்துல 6ம் நூற்றாண்டு மொசைக்கைப் பாத்திருக்காரு, பேரரசி தியோடோராவும் அவங்க பரிவாரமும் தங்கப் பின்னணியில நேரா நம்மளைப் பாத்துக்கிட்டு நிக்கறது. மொசைக்ல ஒவ்வொரு கண்ணாடிச் சில்லும் கொஞ்சம் கொஞ்சம் வேற சாய்வுல பதிஞ்சிருக்கும், நடக்கும்போது சுவரே அசையற மாதிரி இருக்கும். அதே வருஷம்தான் அடேலோட கணவர் ஃபெர்டினாண்ட், பெரிய சர்க்கரை ஆலை முதலாளி, இந்த ஓவியத்துக்குச் சொல்லி வச்சாரு. அதே வருஷம்தான் வியன்னாவுல ஹோஃப்மன், மோசர்னு ரெண்டு வடிவமைப்பாளர்கள் சேந்து வீனர் வெர்க்ஸ்டாட்டேன்னு ஒரு கைவினைப் பட்டறை தொடங்கினாங்க, அந்தக் கருப்பு வெள்ளைக் கட்டம் அவங்க மேசை, பாத்திரம், புத்தக அட்டைன்னு எல்லாத்துலயும் போட்ட முத்திரை டிசைன். கண்ணு எகிப்துல இருந்து வந்துச்சும்பாங்க, சுருள் பழங்கால கிரேக்கத்து மைசீனிய நகைகள்ல இருந்தும்பாங்க. இதையெல்லாம் ஒரு பாராவுல சொல்லிட்டு நகர்ந்துடுங்க. கண்ணுக்கு என்ன அர்த்தம், முக்கோணத்துக்கு என்ன அர்த்தம்னு ஒரு பக்கம் எழுதறது ஃபார்மல் அனாலிசிஸ் ஆகாது. எழுதியே ஆகணும்னா, நம்மளைப் பாத்துக்கிட்டு இருக்கற முகத்துக்குக் கீழ, பாக்கவே பாக்காத இத்தனை கண்ணு ஏன்னு கேளுங்க, அது பார்வையைப் பத்தின கேள்வி, ஓவியத்துக்குள்ளேயே பதில் தேடலாம்.

ஒப்பிட்டு எழுத இடம் இருந்தா, முந்தின வருஷம் 1906ல கிளிம்ட் வரைஞ்ச ஃபிரிட்ஸா ரீட்லர் போர்ட்ரெயிட்டை எடுங்க, வியன்னா பெல்வடேர் மியூசியத்துல இருக்கு. அதுல நாற்காலி முழுக்க கண்ணு டிசைனா தட்டையா ஆயிடுச்சு, தலைக்குப் பின்னாடி அரைவட்டமா ஒரு மொசைக் இருக்கு, 17ம் நூற்றாண்டு ஓவியர் வெலாஸ்கெஸ் வரைஞ்சு அதே வியன்னாவுல இருக்கற ஓவியத்துல ஸ்பெயின் இளவரசியோட விரிச்ச கூந்தல் மாதிரி. ஆனா கவுன் இன்னும் துணியாவே இருக்கு, வெள்ளையா மடிப்பு மடிப்பா விழுது. அடேல்கிட்ட வரும்போது அந்த நாற்காலி டிசைன் பரவி கவுனையும் எடுத்துக்குது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இந்த ஒரு மாற்றத்தைச் சொன்னாலே போதும். இன்னொரு பக்கம் லண்டன்ல அதே காலத்து போர்ட்ரெயிட் நட்சத்திரம் ஜான் சிங்கர் சார்ஜென்ட், அவரு ஒரே தூரிகை இழுப்புல சாட்டின் துணி பளபளக்கறதைக் கொண்டு வந்துடுவாரு, பின்னாடி ஆழமா இருட்டு, ஆள் அதுல இருந்து வெளிய வர்றாங்க. சார்ஜென்ட்டோட ஆளுங்களுக்கு நிக்க ஒரு இடம் இருக்கு, கிளிம்ட்டோட அடேலுக்கு இல்ல.

இதுல சமூக அந்தஸ்து எங்கன்னு கேள்வி வந்தா அதையும் வடிவத்தை வச்சே சொல்லுங்க. மத்த போர்ட்ரெயிட்டுல வசதியைக் காட்ட பொருள் வைப்பாங்க, படிக்கட்டு, சீன ஜாடி, நாய், பட்டுத் திரை, இவ்வளவு எங்ககிட்ட இருக்குன்னு. இங்க பொருளே இல்ல. செல்வம் பொருளா நிக்காம, பின்னணியா, காத்தா, தரையா ஆயிடுச்சு, அவங்க அதுக்குள்ள இருக்காங்க. அந்தக் காலத்துலயே இது ஆளுங்களை உறுத்தியிருக்கு, 1908ல வியன்னா குன்ஸ்ட்ஷவ் கண்காட்சியில இது இருந்தப்போ அடேலோட பேரை வச்சே "ப்ளோக்கை விட ப்ளெக் ஜாஸ்தி"ன்னு ஒரு பேச்சு ஓடுச்சு, ஜெர்மன்ல ப்ளெக்னா தகடு. தகடுதான் ஜாஸ்தி, ஆளு கம்மின்னு. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வியன்னாக்காரரு சொன்னதும் நீங்க இப்ப சொன்னதும் ஒண்ணுதான்.

அப்புறம் நடந்த கதை உங்களுக்குத் தெரியும், அடேல் 1925ல இறந்துட்டாங்க, 1938ல நாஜிங்க வந்ததும் யூதரான ஃபெர்டினாண்ட் எல்லாத்தையும் விட்டுட்டு ஓட வேண்டியதாச்சு, ஓவியம் பறிபோச்சு, காட்சிக்கு வச்சப்போ அவங்க பேரையே எடுத்துட்டு தங்கப் பின்னணியில ஒரு பெண்மணின்னு பொதுவா போட்டாங்க. அடேலோட அக்கா பொண்ணு மரியா ஆல்ட்மன் வழக்குப் போட்டு 2006ல திரும்ப வாங்கினாங்க. இதை அசைன்மென்ட்ல கடைசியில ஒரு வரியா வச்சுக்கோங்க. எனக்கு இதுல மனசை அறுக்கறது அந்தப் பேரை எடுத்ததுதான், தங்கம் இருக்கட்டும் ஆள் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்காங்க, ஆனா முகத்தை அவங்களால எடுக்க முடியல.

கடைசியா ஒண்ணு, நேரம் இருந்தா 1912ல கிளிம்ட் இதே அடேலை மறுபடி வரைஞ்ச ஓவியத்தையும் பாருங்க. வசதியான வீட்டுப் பொண்ணுங்கள்ல அவரு ரெண்டு தடவை போர்ட்ரெயிட் வரைஞ்சது இவங்களை மட்டும்தான்னு சொல்லுவாங்க. இதுல சதுரம் இல்ல, 190க்கு 120ன்னு நெட்டுக்கு நிக்குது, தங்கம் முழுக்கப் போயிடுச்சு, பச்சையும் ரோஸும் ஊதாவும் சிவப்புமா நிறம் வந்துடுச்சு, அடேல் நேரா நிக்கறாங்க, தலையில பெரிய கருப்புத் தொப்பி. முதல் ஓவியத்துல அந்தக் கையையே பாத்துக்கிட்டு இருந்துட்டு இதுக்கு வந்தீங்கன்னா கண்ணு தானா கையைத்தான் தேடும், ரெண்டும் பக்கவாட்டுல தொங்கிக்கிட்டு இருக்கும், ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்காது.